எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்

1893-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் இருந்த ஓர் இளம் குஜராத்தி வழக்கறிஞரை எப்படியாவது கிறிஸ்தவராக்கிவிட வேண்டும் என்று ஒரு நண்பர் குழாமே பாடுபட்டது. நண்பகல் ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். அவருக்காக மன்றாடினார்கள். புத்தகம் மேல் புத்தகமாகப் படிக்கக் கொடுத்தார்கள். அவர்களில் மிகவும் பிரியமானவர் குவேக்கர் பிரிவைச் சேர்ந்த கோட்ஸ். ஒரு நாள் வழக்கறிஞரின் கழுத்தில் கிடந்த துளசிமணி மாலை அவர் கண்ணில் பட்டது. இந்த மூடநம்பிக்கை உங்களுக்குத் தகாது, கொடுங்கள், அறுத்துவிடுகிறேன் என்றார். அது அம்மா போட்டுவிட்டது என்றார் மோகன்தாஸ் காந்தி. அதில் ஏதோ சக்தி இருப்பதாகத் தாம் நம்பவில்லை. நைந்து தானாக அறுந்துபோனால் புதிது வாங்கவும் போவதில்லை. ஆனால் அம்மா அன்போடு போட்டதைக் காரணமில்லாமல் அறுக்க முடியாது.

அடுத்த சில ஆண்டுகளில் டர்பனில் இன்னொருவரைக் காந்தி சந்தித்தார். தென்னாப்பிரிக்க ஜெனரல் மிஷனின் தலைவரான ஸ்பென்சர் வால்டன். அந்தக் குடும்பத்தில் காந்தி ஒருவர்போல ஆகிவிட்டார். கிறிஸ்தவராகும்படி வால்டன் ஒருமுறைகூடத் தம்மை அழைத்ததாக நினைவில்லை என்று சுயசரிதையில் எழுதுகிறார். தம் வாழ்க்கையை மூடி மறைக்காமல் காந்தியின் முன்னால் வைத்துவிட்டு, வேண்டிய மட்டும் பார்த்துக்கொள்ள விட்டுவிட்டார் வால்டன். அவருடைய மனைவியின் மென்மையையும் காந்தி மறக்காமல் குறிப்பிடுகிறார்.

கோட்ஸும் வால்டனும் ஒரே சுவிசேஷத்தை நம்பியவர்கள். இருவரும் ஒரே மனிதரை நேசித்தவர்கள். கோட்ஸின் அன்பைக் காந்தி குறைத்துப் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஒருவர் கை மாலைக்குப் போனது. இன்னொருவர் வீட்டுக் கதவைத் திறந்துவைத்தார். தன் விசுவாசத்தைப் பிற மதத்தாரோடு பகிர்ந்துகொள்ள விரும்பும் ஒரு சபையாருக்கு, பயிற்சி முகாம்களில் கற்றுத்தரும் அத்தனை உத்திகளையும்விட இந்த வேறுபாடு முக்கியமானது. கேட்பவர் நம்மை ஏற்கெனவே எடைபோட்டு முடித்திருக்கிறார். வாயைத் திறக்கும்போது அந்தக் கணக்கு ஒத்துப்போகிறதா இல்லையா என்பதுதான் மிச்சம்.

தரங்கம்பாடிக்கு வந்த கடிதங்கள்

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு, ஊர்ப் பெரியவர்களோடு ஓயாமல் உரையாடியவர். பிறகு அவரும் உடன் ஊழியர் கிரண்ட்லரும் புத்திசாலித்தனமான ஒரு காரியம் செய்தார்கள். தமிழ்ப் பெரியவர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, பதிலை எழுத்தில் கேட்டார்கள். 1712 முதல் 1714 வரை வந்த அந்தப் பதில்களில் 99 கடிதங்கள் மொழிபெயர்க்கப்பட்டு, ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறின. உங்களுக்கு ஏன் கிறிஸ்தவ மார்க்கம் பிடிக்கவில்லை என்பது ஒரு கேள்வி.

வந்த பதிலில் திரித்துவம், அவதாரம் பற்றிய வாதங்களைவிட முன்னால் நின்றது ஐரோப்பியர்கள் வாழ்ந்த லட்சணம். குடிக்கிறார்கள், பசு மாமிசம் தின்கிறார்கள், சுத்தம் பேணுவதில்லை, ஒழுக்கம் தவறி நடக்கிறார்கள். வேதம் நல்லதாகவே இருக்கலாம், அதைக் கையில் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் கிட்டே போகத் தோன்றவில்லை என்கிற தொனி கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறது. இந்தப் பட்டியலில் சில உணவுப் பழக்கம் சார்ந்த மனக்கசப்பு. அதைப் பாவம் என்று எண்ண வேண்டியதில்லை. மற்றவை அப்படித் தள்ளிவிடக்கூடியவை அல்ல. வேடிக்கை என்னவென்றால், முந்நூறு ஆண்டுகள் கழித்தும் ஒரு தெருவில் உள்ள கிறிஸ்தவ வீட்டைப் பற்றிப் பக்கத்து வீட்டாரிடம் தனியாகக் கேட்டால், பதில் ஏறக்குறைய இதே வகையில்தான் வரும்: ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்பு, திங்கட்கிழமை தண்ணீர்க் குழாயடியில் சண்டை.

இதற்கு நேர்மாறான சாட்சியும் அதே காவிரிப் படுகையில்தான் இருக்கிறது. 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர், திருச்சியிலும் பிறகு தஞ்சாவூரிலும் சாகும்வரை தங்கினார். ஆங்கிலேயர்மீது துளியும் நம்பிக்கை இல்லாத ஹைதர் அலியிடம் 1779-இல் சென்னை அரசு தூது அனுப்ப நினைத்தபோது, போய் வரக்கூடிய ஆள் இவர்தான் என்று முடிவானது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதர் இவரை மரியாதையோடு வரவேற்றார். கையில் வழிச்செலவுக்குப் பணமும் கொடுத்தனுப்பினார். சுவார்ட்ஸ் அதைச் சென்னை அரசிடம் ஒப்படைக்கப் போனார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதும் பள்ளிக்கூட நிதியில் சேர்த்துவிட்டார்.

அடுத்த சில ஆண்டுகளில் போர் தஞ்சைக்கு வந்தது. கோட்டைக்குள் பட்டினி. வெளியே நெல் இருந்தது, மாடு இருந்தது. ஆனால் முன்பு கொடுத்ததற்கே பணம் வராததால் குடியானவர்கள் அரசாங்கத்தை நம்பித் தர மறுத்தார்கள். பணத்துக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் எழுதிக் கொடுத்தார். ஆயிரம் மாடுகள் வந்தன; 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் போனது. கொடுத்தவர்கள் சபையார் அல்லர். பிரசங்கம் கேட்டு மனம் மாறியவர்களும் அல்லர். சொன்னால் தருவார் என்று அறிந்து வைத்திருந்த கிராமத்து மனிதர்கள்.

தஞ்சை மன்னர் துளஜாஜி தம் சுவீகாரப் பிள்ளை சரபோஜியை இவருடைய பாதுகாப்பில் விட்டுப் போனார். 1798-இல் சுவார்ட்ஸ் இறந்த பிறகு, இரண்டாம் சரபோஜி லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லி ஒரு பளிங்குச் சிற்பம் செய்வித்தார். மரணப் படுக்கையில் குருவும் பக்கத்தில் மன்னரும். தஞ்சையில் சிவகங்கைக் குளத்தை ஒட்டிய தேவாலயத்தில் அதை இன்றும் பார்க்கலாம். சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். ஆத்தும ஆதாயக் கணக்கில் இது தோல்வி என்று எழுதுபவர்கள் அந்தச் சிற்பத்தின் முன்னால் ஒருமுறை போய் நிற்கலாம்.

ஆனாலும் வாயைத் திறக்கத்தான் வேண்டும்

என் வாழ்க்கையே சாட்சி, நான் எதற்குப் பேச வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. பல வேளைகளில் அது கூச்சத்துக்குப் போடும் போர்வை. நேர்மையாக நடக்கும் ஓர் ஊழியரைப் பார்த்து, அவருடைய அப்பா வளர்த்த விதம் அப்படி என்றுதான் அலுவலகம் நினைத்துக்கொள்ளும். அதற்குக் காரணம் வேறு ஒருவர் என்று அவர் சொன்னால்தானே தெரியும்? கேட்கிறவனுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி பேதுரு தம் முதல் நிருபத்தில் சொல்கிறார். அதைச் சாந்தத்தோடும் மரியாதையோடும் செய்யும்படி அதே மூச்சில் சொல்கிறார். முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்களே அதிகம்.

எப்படிச் சொல்வது என்பதற்கு ஸ்டான்லி ஜோன்ஸின் முதல் பிரசங்கம் நல்ல பாடம். 1907-இல் அமெரிக்காவிலிருந்து லக்னோவுக்கு வந்து, காந்திக்கும் தாகூருக்கும் நண்பராகிப் புகழ்பெற்றவர் இவர். ஊழியத்தின் தொடக்கத்தில், சொந்த ஊர்ச் சபையில் முதல்முறையாகப் பிரசங்க மேடை ஏறினார். கடவுளுக்காக வாதாடும் வக்கீலாக நிற்க வேண்டும் என்று மூன்று வாரம் தயாரித்த பிரசங்கம். சில வாக்கியங்கள் ஓடின. பிறகு யாரும் பயன்படுத்தாத ஒரு பெரிய வார்த்தையை எடுத்துவிட்டார். முன்னால் இருந்த கல்லூரி மாணவி சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்தாள். அவ்வளவுதான், பிரசங்கம் முழுக்க மறந்துபோனது. மறந்துவிட்டேன், மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கத் தொடங்கியவர், பாதியில் நின்றார். எனக்குப் பிரசங்கம் செய்யத் தெரியவில்லை, ஆனால் இயேசு என் வாழ்க்கையில் என்ன செய்தார் என்பது தெரியும் என்று நாலு வார்த்தை திக்கித் திணறிச் சொன்னார். கூட்டம் முடிந்ததும் ஓர் இளைஞன் வந்து, நீங்கள் கண்டுபிடித்தது எனக்கும் வேண்டும் என்றான். வக்கீல் வேலை தமக்கானது அல்ல, சாட்சி சொல்வதே தம் வேலை என்று ஜோன்ஸ் அன்று முடிவு செய்துகொண்டார்.

யோவான் 9-இல் வரும் பிறவிக் குருடர் இந்தக் கலையில் தேர்ந்தவர். பரிசேயர்கள் சுற்றிச் சுற்றிக் கேள்வி கேட்கிறார்கள். தெரியாததைத் தெரியாது என்கிறார். தனக்கு நடந்ததை மட்டும் விடாமல் சொல்கிறார். அதை மறுக்க யாராலும் முடியவில்லை.

சபைக்கு உள்ளே சாட்சி சொல்லிப் பழகியவர்களுக்கு வெளியே சொல்வது கடினம். காரணம் மொழி. மின்வாரியத்தில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம், குடியிலிருந்து மீண்டவர். உபவாச ஜெபத்தில் அவர் எழுந்தால் இப்படித்தான் தொடங்குவார்: “பாவச் சேற்றிலே மூழ்கிக் கிடந்தேன். விக்கிரக ஆராதனையிலே இருந்தேன். கர்த்தருடைய கிருபை என்னைத் தேடி வந்தது. இரட்சிக்கப்பட்டேன், அபிஷேகம் பெற்றேன், சாத்தானை ஜெயித்தேன்.” உள்ளே எல்லாரும் ஆமென் சொல்வார்கள். இதையே டீக்கடை பெஞ்சில் சக ஊழியரிடம் சொன்னால், அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போவார். அவருக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: தன் வீட்டுப் பூஜை அறையைச் சேறு என்கிறார் இந்த ஆள்.

அதே மனிதர் அதே பெஞ்சில் இப்படிச் சொல்லலாம்:

“அண்ணே, நான் எப்படி இருந்தேன்னு உங்களுக்குத் தெரியாததா? சம்பள நாள்ல நேரா வீட்டுக்குப் போனதே இல்ல. ஒரு தடவ பாப்பாவோட ஸ்கூல் ஃபீஸையும் எடுத்துக் குடிச்சிட்டேன். அன்னைக்கு ராத்திரி அவ தூங்காம உக்காந்திருந்தா, ஒண்ணும் கேக்கல. எங்க தெருவுல ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கும், கிண்டல் பண்ணிட்டேதான் தாண்டிப் போவேன். அந்த வாரம் உள்ள போயி உக்காந்தேன். இயேசுகிட்ட, என்னால முடியல, நீங்கதான் பாத்துக்கணும்னு சொன்னேன். உடனே விட்டுட்டேன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு தடவ மறுபடி விழுந்தேன். டாக்டர்கிட்டயும் போனேன். சபையில ஒரு பெரியவர், சாயங்காலம் ஆனா நம்ம ஆபீஸ் வாசல்ல வந்து நிப்பாரு, பாத்திருப்பீங்க, என்னை வீடு வரைக்கும் கூட்டிட்டுப் போவாரு. இப்ப நாலு வருஷம் ஆச்சுண்ணே. இன்னைக்கும் சம்பள நாள் வந்தா உள்ளுக்குள்ள ஒரு நடுக்கம்தான். ஜெபம் பண்ணிட்டுத்தான் வெளிய வர்றேன்.”

இதில் வசனம் இல்லை, யாருடைய தெய்வத்தையும் இழுக்கவில்லை. கேட்பவர் சரிபார்க்கக்கூடிய தகவல்கள் இருக்கின்றன: வாசலில் நின்ற பெரியவர், வாங்கிய சம்பளம். விழுந்ததும் இருக்கிறது, இன்னும் தீராததும் இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது என்பதும் ஒரு நல்ல அம்சம். நம் ஊர்ச் சாட்சிகளில் பழைய வாழ்க்கைக்கே இருபது நிமிடம் ஆகும். பாவம் செய்த விவரத்தில் ஒரு ருசியே வந்துவிடும்.

சில எச்சரிக்கைகள். மனைவி, மகன், மாமியார் செய்த குற்றங்கள் அவரவர் சம்மதமின்றிச் சாட்சிக்குள் வரக்கூடாது. சாட்சி சொன்ன பெண் வீடு திரும்பும் முன்பே கணவர் குடித்த கதை தெருவைச் சுற்றி வந்துவிடும், அதன்பின் அந்தக் கணவர் சபைப் பக்கம் தலைவைத்துப் படுப்பாரா? நோய் குணமானதைச் சொல்லலாம். சிகிச்சை எடுத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். கேட்பவரிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை எந்த ஊழியக்காரருக்கும் இல்லை. சர்க்கரை நோயாளிக்கு இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இயேசுவிடம் வந்தால் கடன் தீரும், வீடு கட்டலாம் என்று ஆசை காட்டுவது நம்பிக்கைத் துரோகத்தில் முடியும். கேட்டும் கிடைக்காத ஒரு ஜெபம் ஒவ்வொரு விசுவாசிக்கும் இருக்கும். அதையும் சேர்த்துச் சொல்பவரைத்தான் அனுபவசாலிகள் நம்புகிறார்கள்.

ஆளுக்குத் தக்கபடி சொல்வது பொய் சொல்வதாகாதா என்று ஒரு தயக்கம் வரலாம். அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் தம் தமஸ்கு அனுபவத்தை இரண்டு இடங்களில் சொல்கிறார். எருசலேமில் கொதித்துக்கொண்டிருந்த யூதர்களிடம் அவர்களுடைய மொழியிலேயே பேசுகிறார். கமாலியேலிடம் படித்ததையும், நியாயப்பிரமாணத்தின்படி பக்தியுள்ளவன் என்று ஊரார் போற்றிய அனனியாவையும் எடுத்துச் சொல்கிறார். அகிரிப்பா ராஜாவின் முன்னால் அதே கதையில் அனனியா வருவதே இல்லை. நடந்தது ஒன்றுதான், யாருக்கு எது வேண்டும் என்று தெரிந்து சொல்கிறார்.

மற்றவர் பேசும் முறை

டீக்கடைக்குத் திரும்பினால், அங்கே பயிற்சி முகாம்கள் எதிர்பாராத ஒன்று நடக்கும். சக ஊழியர் சிரித்துக்கொண்டே சொல்வார்: “தம்பி, நானும் ஐயப்பனுக்கு மாலை போட்டப்பதான் குடியை விட்டேன். ஒரு மண்டலம் விரதம் இருந்தேன், அப்புறம் தொடவே இல்ல.”

இப்போது என்ன செய்வது? அதெல்லாம் நிலைக்காது என்று சொல்லலாம். உறவு அன்றோடு முடியும். அவர் சாட்சியைக் கேட்டவர். தம் சாட்சியைச் சொல்ல அவருக்கும் உரிமை உண்டு. நல்லதாப் போச்சுண்ணே என்று மனதார மகிழ்ந்துவிட்டு, அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று கேட்டால், உரையாடல் வளரும். விடுதலையா மன்னிப்பா, பலமா அமைதியா, தமக்கு இயேசுவிடம் கிடைத்தது எது என்பதை நிதானமாகச் சொல்ல இன்னொரு நாள் வரும்.

ஸ்டான்லி ஜோன்ஸ் இதையே ஒரு முறையாக்கினார். வட்டமேசைக் கூட்டங்கள் என்று பெயர். ஓர் ஊரில் பிற மதங்களைச் சேர்ந்த பதினைந்து பேர், கிறிஸ்தவர்கள் ஐந்தாறு பேர் வட்டமாக உட்காருவார்கள். வாதம் கிடையாது, பிரசங்கம் கிடையாது, மதங்களை ஒப்பிட்டுப் பட்டியல் போடுவது கிடையாது. தாம் பின்பற்றும் நெறி தம் அன்றாட வாழ்க்கையில் என்ன செய்கிறது என்பதை மட்டும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். நாத்திகர் வந்தால் அவரும் சொல்லலாம். இந்த அனுபவங்களை ஜோன்ஸ் 1928-இல் ஒரு தனி நூலாகவே வெளியிட்டார். ஒரு வீட்டு மொட்டைமாடியில், ஐந்தாறு நாற்காலி போட்டு, இன்றும் இதைச் செய்யலாம். சபைக் கட்டடத்தில் வேண்டாம். அங்கே விருந்தினர் தம் மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டார்.

எதிர்த்திசையிலிருந்து வரும் சாட்சியைத் தாங்க முடியுமா என்பதுதான் சோதனை. தென்னாப்பிரிக்காவில் காந்தி ஞாயிறுதோறும் ஒரு கிறிஸ்தவ வீட்டுக்குச் சாப்பிடப் போவார். அந்த வீட்டில் ஐந்து வயதுப் பையன். அவனுடைய தட்டில் இருந்த இறைச்சியைக் கேலி செய்து, தம் தட்டில் இருந்த ஆப்பிளைக் காந்தி புகழ்ந்தார். பையனும் கூடச் சேர்ந்துகொண்டான். அம்மாவுக்குக் கலக்கம். பிள்ளை இறைச்சி சாப்பிடாமல் போனால் உடம்பு என்னாவது, இந்தப் பேச்சைப் பெரியவர்களோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாவின் அச்சம் நியாயமானதே. தன் மகள் தோழி வீட்டிலிருந்து கைப்பிரதியோடு வரும்போது ஓர் இந்துத் தாய்க்கு ஏற்படும் அச்சமும் அதே அச்சம்தான். பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளிடம் மதம் பேசக் கூடாது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

வீட்டு வேலை செய்பவரிடம் முதலாளியம்மா, நோயாளியிடம் நர்ஸ், மாணவரிடம் ஆசிரியர், நிவாரணப் பொட்டலம் வாங்க நிற்பவரிடம் கொடுப்பவர் என்று, மறுக்க முடியாத இடத்தில் இருப்பவரிடம் சாட்சி சொல்வது அநேகமாகச் சாட்சியாக இருப்பதில்லை. 1876-78 காலத்துத் தாது வருஷப் பஞ்சத்தில் மிஷனரிகள் திருநெல்வேலிச் சீமையில் எத்தனையோ உயிர்களைக் காத்தார்கள். அதை ஒட்டி ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காக வந்தவர்களா என்ற கேள்வி அந்தத் தலைமுறையிலேயே எழுந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள்வரை அந்த ஏளனத்தைச் சுமந்தார்கள். உண்மையாக நம்பி வந்தவர்களையும் அது விடவில்லை. பொட்டலத்தையும் கைப்பிரதியையும் ஒரே கையால் நீட்டாமல் இருப்பது, வாங்குபவருக்குச் செய்யும் மரியாதை. வருங்காலத்தில் அவர் நம்பினால், அந்த நம்பிக்கைக்கும் செய்யும் மரியாதை.

சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு, மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, அறநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. பரப்புவது என்றால் தன் மதக் கருத்துகளை எடுத்துரைப்பது, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. ஒடிசா 1967-இலும் மத்தியப் பிரதேசம் 1968-இலும் கட்டாயம், ஆசைகாட்டல், ஏமாற்று ஆகியவற்றால் மதம் மாற்றுவதைத் தடுக்கச் சட்டம் இயற்றின. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த சட்டம் 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. சொந்த அனுபவத்தைக் கேட்பவரிடம் சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

ஒலிபெருக்கி விஷயம் வேறு. சென்னையில் ஒரு சபையின் ஒலிபெருக்கிச் சத்தத்தை எதிர்த்துக் குடியிருப்போர் சங்கம் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000-ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும்போது ஒலிபெருக்கி தேவையா என்று கேட்க நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்ததே என்பதுதான் வருத்தம்.

சாவு வீடும் பண்டிகைப் பலகாரமும்

கதரேனர் நாட்டில் பிசாசு பிடித்திருந்தவன் குணமானதும், கூடவே வருகிறேன் என்று இயேசுவைக் கெஞ்சுகிறான். அவர் சம்மதிக்கவில்லை, வீட்டுக்குப் போய் உன் சொந்தக்காரரிடம் நடந்ததைச் சொல் என்று அனுப்பிவிடுகிறார். தூரத்து ஊருக்குப் போய்ச் சாட்சி சொல்வது எளிது, அங்கே யாருக்கும் நம்மைத் தெரியாது. வீட்டில்தான் சிரமம்.

குடும்பத்தில் ஒருவர் மட்டும் விசுவாசியாகும்போது, மற்றவர்கள் முதலில் கவனிப்பது எதை விட்டார் என்பதைத்தான். கோயிலுக்கு வர மாட்டார், பொட்டு வைக்க மாட்டார், பிரசாதம் தொட மாட்டார். மறுப்புகள் மட்டுமே கண்ணில் படும்போது, புதிய நம்பிக்கை என்பது உறவை வெட்டிக்கொள்வது என்றே அம்மாவுக்குத் தோன்றும். எனவே எதைக் கூடுதலாகச் செய்கிறார் என்பது தெரிய வேண்டும். அப்பாவின் மருத்துவச் செலவில் முன்பைவிடப் பெரிய பங்கு, அண்ணனோடு இருந்த வரப்புத் தகராறில் விட்டுக்கொடுப்பது, அண்ணியிடம் மன்னிப்புக் கேட்பது.

படைத்த பலகாரத்தைச் சாப்பிடலாமா என்பதில் சபைகளுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. கொரிந்து சபையில் பவுல் காலத்திலேயே இது தகராறுதான். எந்தப் பக்கம் நின்றாலும், பக்கத்து வீட்டு அக்கா விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டைத் தட்டோடு வாசலில் நிற்கும்போது கதவை மூடக் கூடாது. சாப்பிடாதவர் அதை முன்கூட்டியே, பண்டிகை இல்லாத ஒரு நாளில், பக்குவமாகச் சொல்லி வைக்கலாம். அந்த அக்காவே அடுத்த முறை படைப்பதற்கு முன் தனியாக எடுத்து வைத்துக் கொண்டுவருவார். அப்படி நடக்கும் தெருக்கள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு.

சாவு வீட்டுக்குக் கட்டாயம் போக வேண்டும். சடங்கு செய்யும்போது ஒதுங்கி நிற்கலாம். பந்தல் போடவும், வெளியூர்க்காரர்களுக்கு டீ வாங்கி வரவும், இறப்புச் சான்றிதழுக்கு அலையவும் ஒருவர் வேண்டும். பதினாறாம் நாளுக்குப் பிறகு எல்லாரும் போய்விடுவார்கள். அந்த வீட்டுக்கு இருபதாம் நாள் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, ஒரு வார்த்தையும் மதம் பேசாமல் வந்தாலும் பரவாயில்லை.

பலன் எப்போது கிடைக்கும் என்று கேட்பவர்களுக்குக் கொல்லிமலைக் கதை உண்டு. மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும் 1913-இல் திருமணமானதும் மலையேறினார்கள். ஜெஸ்ஸி வெப்பமண்டல நோய்களைப் பற்றி ஓராண்டு படித்தவர். பல் பிடுங்குவார், புண் கட்டுவார், தச்சு வேலை கற்றுக்கொடுப்பார். மருந்துக்கு ஆட்கள் வந்தார்கள். ஐந்தாறு ஆண்டுகளாகியும் விசுவாசத்துக்கு ஒருவரும் வரவில்லை. ஊர்ப் பூசாரியின் எதிர்ப்பு அவ்வளவு பலமானது. முதல் உலகப் போரின் முடிவில் வந்த விஷக்காய்ச்சல் மலையையும் விடவில்லை. வீடுவீடாக மக்கள் விழுந்து கிடந்தபோது, தம்பதியர் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு அலைந்தார்கள். அந்தப் பூசாரியும் படுத்தார். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கப் பயந்த குடிசைக்குள் பிராண்ட் போனார். சாகும் தறுவாயில் பூசாரி, தம் கைக்குழந்தையை நீங்களே வளர்க்க வேண்டும் என்று ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினார். மலையில் சபை என்று ஒன்று உருவானது அதற்குப் பிறகுதான். எதிரி தன் குழந்தையை யாரிடம் விட்டுச் சென்றான் என்பதை மலை முழுவதும் பார்த்துவிட்டது.

1929-இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் மிஷன் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பாமல், எழுபதை நெருங்கிய வயதில் மறுபடி மலைக்கே போனார். மட்டக் குதிரையில் கிராமம் கிராமமாகச் சுற்றினார்; நரம்புச் சிலந்தி நோய் பரவாமலிருக்கக் கிணறுகளைச் சுற்றிக் கல் சுவர் எழுப்பச் சொன்னார். 95 வயதில், 1974-இல் காலமானார். இவர்களுடைய மகன்தான் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட்.

இனி, ஒருவர் தாமாகவே வந்து, இன்னும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்று சொன்னால்? சாட்சி சொன்னவர் அந்த இடத்தில் மெல்ல ஒதுங்கத் தெரிந்திருக்க வேண்டும். சமாரியப் பெண் ஊராரை அழைத்துவந்தாள். கடைசியில் அவர்கள், உன் சொல்லுக்காக இல்லை, நாங்களே கேட்டு அறிந்துகொண்டோம் என்று அவளிடமே சொல்லிவிட்டார்கள். மாற்கு அல்லது லூக்கா சுவிசேஷத்தைக் கொடுத்து, சொந்த வேகத்தில் படிக்க விடுவது போதும். எழும் சந்தேகங்களைக் கேட்க, அதே பின்னணியிலிருந்து வந்த ஒருவரை அறிமுகப்படுத்தலாம். வீட்டாருக்குத் தெரியாமல் ஞானஸ்நானம், மறுநாளே சாட்சி மேடை, முகநூலில் படம் என்ற அவசரம் எத்தனையோ குடும்பங்களைச் சிதைத்திருக்கிறது.

வைணவத்தில் ஊறிய கரையிருப்புக் கிருஷ்ணபிள்ளை 1853-இல் சாயர்புரம் கிறிஸ்தவப் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். கிறிஸ்தவர்களுக்கு நடுவிலேயே வாழ்ந்தும், வைணவராகவே இருந்தார். நெருங்கிய நண்பர் தனக்கோடி ராஜு அவருக்கு முன்பே கிறிஸ்தவரானார். நண்பரின் மாற்றத்தைப் பார்த்து, அவரோடு பேசி, நூல்களைப் படித்து, தமக்குள் போராடி, 1858-இல்தான் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஐந்தாண்டு யாரும் அவரைப் பிடித்து இழுக்கவில்லை. ஹென்றி ஆல்ஃபிரட் என்ற பெயர் முன்னால் சேர்ந்தது; கிருஷ்ணபிள்ளை என்ற பெயர் அப்படியே இருந்தது. கம்பனிடம் கற்ற தமிழையும் அவர் விடவில்லை. அந்தத் தமிழிலேயே, ஜான் பன்யனின் கதையைத் தழுவி எழுதிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-இல் வெளிவந்தது. புதிதாக வருபவரிடம் பெயரை மாற்று, பாட்டை மாற்று, பேச்சை மாற்று என்று முதல் வாரத்திலேயே தொடங்கும் சபையார், எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை என்று அட்டையில் அச்சிட்ட அந்தக் காவியத்தை ஆலய நூலகத்தில் தேடி எடுத்துப் பார்க்கலாம்.